கஞ்சி போட்ட நோட்டுகள்

எங்கள் சலவைக்கூடத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்தவரை எல்லோரும் பாய்லர் என்றே கூப்பிடுவோம். இரும்புக்கும் அதே பேர், ஆளுக்கும் அதே பேர். "பாய்லர் சூடாயிடுச்சா?" என்று யாராவது கேட்டால், "எது, நானா அதுவா?" என்பார். ஒருநாள் காலையில் ஆவிக்குழாயின் வால்வு பிடுங்கிக்கொண்டு அவருடைய இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை வேகவைத்துவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஆறு மாதத்தில் புண் ஆறிவிட்டது. ஆனால் தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டதில் விரல் மடங்கவில்லை. கரண்டியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கித்தான் சாப்பிடுவார். கொதிகலனை ஒட்டினாற்போல் ஒரு அறை, ஒரு சமையல் மூலை; அவர் குடும்பம் அதில்தான். கொதிகலன் பார்க்கிறவருக்கென்றே கட்டியது அது. ஆறு மாதம் விட்டுவைத்ததே பெரிது. வருகிற முதல் தேதியில் புது ஆள் வருகிறார், குடும்பத்தோடு வருகிறார் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

பாய்லரின் மனைவி கஞ்சி போடுகிறவள். ஓட்டல் மேசைவிரிப்பு, சமையல்காரர் தொப்பி, ஆஸ்பத்திரிக்காரர்களின் மேலங்கி எல்லாம் அவள் தொட்டியில் முங்கி எழுந்துதான் தேய்க்கிற உருளைக்குப் போகும். காலை ஐந்து மணிக்குத் தொட்டியில் கையை விட்டால் மதியம் இரண்டுக்குத்தான் எடுப்பாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் எனக்கும் அவள் கஞ்சியக்காதான். அவள் என்னை அண்ணே என்பாள். அது எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

என் வேலை பாக்கெட் பார்ப்பது. வருகிற துணியை இயந்திரத்தில் போடுவதற்கு முன் ஒவ்வொரு பையிலும் கையை விட்டுத் துழாவி, இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். பேனா, சாவி, பல்குத்தும் குச்சி, ஒரு தடவை ஒரு பல் செட். காசு கிடைத்தால் துணிப்பையில் போட்டு, நூலால் கட்டி, முடிச்சில் டிக்கெட் எண்ணைக் கோத்து, கம்பிக் கூண்டுக்குள் ஆணியில் மாட்ட வேண்டும். கூண்டின் சாவி என்னிடம். பட்டியல் முதலாளியம்மாவிடம். முப்பத்தாறு வயதில் நான் எழுத்துக் கற்றுக்கொண்டதே அந்த டிக்கெட்டுகளில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான். பாய்லர் வீட்டுக்கு அடுத்த அறைதான் என்னுடையது. நடுவில் ஒரு பலகைச் சுவர். இருமினால் கேட்கும்.

அறை போகிறது என்று தெரிந்த வாரத்தில் முன்கூடத்துக் கவுன்டரில் இருந்த பெண் வேலையை விட்டாள். கவுன்டருக்குப் பின்னாலும் ஒரு அறை உண்டு. ஆறு மணிக்கே கதவு திறக்க வேண்டும் என்பதால் கவுன்டர் பார்க்கிறவருக்கு அந்த அறை. கஞ்சியக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

முதலாளியம்மா இல்லையென்று சொல்லவில்லை. "துணி உனக்குத் தெரியும். கறையைப் பார்த்ததும் என்ன கறை, போகுமா போகாதான்னு சொல்லிடுவ. அது வர்றதுக்கே பத்து வருஷம் ஆகும். ஆனா வர்றவங்க கப்பல்காரங்க, ஓட்டல்ல தங்கறவங்க. அவங்ககிட்ட இங்கிலீஷ்ல காசு வாங்கணும், மீதி குடுக்கணும். முடியுமா?"

"கத்துக்கறேம்மா."

"மூணு வாரம் தர்றேன். ஒருநாள் நிக்க வச்சுப் பார்க்கறேன்."

அக்காவுக்கு ஒரு நாத்தனார். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். செருப்புக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். அவள் சம்பளம் வெளியே ஒரு அறை எடுத்தால் வாடகைக்கே சரியாக இருக்கும். தொழிலாளர் மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் இங்கிலீஷ் வகுப்புக்கு முன்பு அவள் போயிருக்கிறாள். அங்கே கொடுத்த சின்னப் புத்தகத்தில் ஏழாம் பாடம் பணம். படம் போட்டு, பக்கத்தில் சொல் போட்டு, மொத்தம் அறுபத்திரண்டு சொல்.

பாடம் சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் நடக்கும். எனக்கும் கற்றுக்கொள்ள ஆசை என்று சொல்லிக்கொண்டு நானும் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொள்வேன். அந்த மாதம் முழுக்க மழை. வெளியே காயப்போட முடியாத துணியெல்லாம் தாழ்வாரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். விலக்கிக்கொண்டுதான் அவர்கள் கதவைப் பார்க்க முடியும்.

"அண்ணி, இப்ப நான் கஸ்டமர். ஹவ் மச்?"

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்கக் கூடாது. துணியைப் பார்த்து விலை சொல்லணும்."

"துணி எங்க?"

"இந்தாங்க. உங்க வீட்டுக்காரர் பனியன்."

அக்கா பனியனை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். "இது எண்ணெய்க் கறை. பழசு. போகாது."

"இங்கிலீஷ்ல சொல்லுங்க."

"இங்கிலீஷ்ல சொன்னாலும் போகாது."

கட்டிலில் படுத்திருந்த பாய்லர் சிரித்தார். நாத்தனார் சிரிக்கவில்லை. "அண்ணே, நீ சும்மா இரு. வீடு போகப்போகுது, இங்க ரெண்டு பேருக்கும் விளையாட்டா இருக்கு."

"வீடு போறப்ப போகட்டும். சிரிப்பு எதுக்குப் போகணும்?" என்றார் பாய்லர்.

அக்கா உருளைக்கிழங்கை வெந்நீரிலிருந்து கையால் எடுத்துத் தோலுரித்தபடி படித்தாள். ஆவி பறக்கும் கிழங்கை அவள் பிடித்திருப்பதைப் பார்த்தால் எனக்குத்தான் விரல் சுடும். அவளுக்குச் சுடாது. பத்தொன்பது வருஷம் சூட்டுக் கஞ்சியில் ஊறிய விரல்கள். நுனியில் ரேகையே இருக்காது. கண்ணாடிக் குப்பியின் கழுத்துப் போல வழவழவென்று இருக்கும்.

"ஓ," என்றாள் நாத்தனார் புத்தகத்தைப் பார்த்து. "ஓன்னா கடன்பட்டிருக்கறது. ஐ ஓ யூ. நான் உங்களுக்குத் தரவேண்டியிருக்கு."

"வெறும் ஓவா?"

"ஆமா."

"இவ்வளவு பெரிய சமாச்சாரத்துக்கு இத்துனூண்டு வார்த்தையா?"

"கடங்காரன் பெருமூச்சு விட்டிருப்பான். அதையே எழுதி வச்சுட்டாங்க," என்றார் பாய்லர்.

"அடுத்தது அஃபோர்ட். கட்டுப்படியாகறது. ஐ கான்ட் அஃபோர்ட்னா எனக்குக் கட்டுப்படியாகாது."

"இது மறக்காது," என்றாள் அக்கா. "தமிழ்ல தினம் சொல்றதுதானே."

"லெண்ட், பாரோ. நான் குடுத்தா லெண்ட். நீங்க வாங்கினா பாரோ."

"ரெண்டு பேரும் ஒரே பணத்தைத்தானே புடிச்சிருக்கோம்? அதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

"குடுக்கறவங்க மனசு வேற, வாங்கறவங்க மனசு வேற. படிங்க அண்ணி."

படித்தாள். எனக்கு ஒரு சொல் நிற்க மூன்று நாள் ஆகும். அவளுக்கு ஒரு தொட்டி போதும். மேசைவிரிப்பை முக்கும்போது டெபாசிட் என்பாள், பிழியும்போது வித்டிரா என்பாள். உதறும்போது ரிசீட். கொடியில் போடும்போது பேலன்ஸ். உருளை ஓட்டுகிற பெண்கள் முதலில் கேலி செய்தார்கள். "கஞ்சியக்கா, எங்களுக்கும் ஒரு டிஸ்கவுன்ட் குடுங்க." பிறகு அவர்கள் வாயிலும் அது ஏறிக்கொண்டது. பத்து நாளில் அறுபத்திரண்டும் அக்காவுக்கு வந்துவிட்டது. உச்சரிப்பு எப்படி என்று எனக்குத் தெரியாது. நாத்தனார் திருத்துவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான் தெரியும்.

வராதது வேறு ஒன்று.

அதுவரை பித்தானை வைத்துத்தான் எண்ணிப் பழகியிருந்தார்கள். பெரிய பித்தான் ஒரு காசு, சின்னது இன்னொரு காசு, கிழித்த காகிதம் நோட்டு. ஒரு வெள்ளிக்கிழமை நாத்தனார் தன் சம்பளத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இன்னைக்கு நிஜக் காசு. நான் நூறு குடுக்கறேன். உங்க கூலி முப்பத்தேழு. மீதி குடுங்க."

"அறுபத்து மூணு," என்றாள் அக்கா உடனே, இங்கிலீஷிலேயே. பிறகு காசை எடுக்கப் போனாள்.

எடுக்க வரவில்லை. சின்னக் காசை விரல் நுனி பிடிக்கவே இல்லை. மேசை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போய், கீழே கையை ஏந்தி விழவைத்தாள். நோட்டை எண்ணி நீட்டினாள். நாத்தனார் வாங்கி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

"அண்ணி, ஒண்ணுன்னு நினைச்சு ரெண்டைக் குடுத்திருக்கீங்க."

"திரும்பக் குடு."

மறுபடியும் எண்ணினாள். மறுபடியும் இரண்டு ஒட்டிக்கொண்டு போனது. அழுக்கேறிய பழைய நோட்டு. ஒன்றா இரண்டா என்று விரல்தான் சொல்ல வேண்டும். அவள் விரல் ஒன்றும் சொல்லவில்லை.

"கண்ணால பார்த்து எண்ணேன்," என்றார் பாய்லர்.

"எதிர்ல ஆள் நிக்கும்போது ஒவ்வொண்ணா தூக்கிப் பார்த்துட்டு இருக்க முடியுமா?" என்றாள் நாத்தனார். "பத்து நாள் விடாம எண்ணினா பழகிடும். நானும் ஆரம்பத்துல இப்படித்தான். ஆனா எண்ணறதுக்குக் காசு வேணுமே. இது நாளைக்கே மளிகைக்கும் உனக்கு மருந்துக்கும் போயிடும்."

பாய்லர் தன் கையைப் பார்த்தார். அக்காவும் தன் கையைப் பார்த்தாள். அந்த வீட்டில் நல்ல கை நாத்தனாருடைய இரண்டுதான்.

மறுநாள் சனிக்கிழமை. மதிய வேலைக்காரர்கள் இன்னும் வரவில்லை. நான் கூண்டுக்குள் பைகளைத் தட்டி தூசி எடுத்துக்கொண்டிருந்தேன். நானூற்றுப் பதினேழாம் பை கையில் பட்டது. எட்டு மாதமாகத் தொங்குகிறது. ஒரு தடித்த கோட்டு. உள்பையை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். கோட்டோடு காசும் இயந்திரத்தில் சுற்றி, நோட்டெல்லாம் நனைந்த இலை போல ஒன்றோடொன்று ஒட்டி வந்தது. கோட்டுக்காரர் வரவே இல்லை. ஒரு வருஷம் ஆனால் பணம் முதலாளியம்மாவுக்கு.

அக்காவைக் கூண்டுக்குக் கூப்பிட்டேன்.

"இதைக் கொண்டுபோ. திங்கக்கிழமை காலையில குடுத்துடு."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம்ணே. யாராச்சும் கேட்டா?"

"எட்டு மாசமா கேக்காதவன் இந்த ரெண்டு நாள்லயா கேக்கப்போறான்?"

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அம்மாகிட்ட சொன்னா, எண்ணத் தெரியாதவளையா கவுன்டர்ல வைக்கறதுன்னு கேப்பாங்க. சும்மா கொண்டுபோம்மா."

அது நியாயமாகத்தான் அவளுக்குப் பட்டது. எனக்கும் பட்டது.

"அப்ப எண்ணிக் குடுங்க. எண்ணாம வாங்க மாட்டேன்."

எண்ணிக் கொடுத்தேன். பதினான்கு நோட்டு, ஒன்பது காசு. ஒட்டியிருந்ததைப் பிரிக்க எனக்கே கஷ்டமாக இருந்தது. பையை மடித்து மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப்பெட்டி வைத்து எடுக்கிற சத்தம் கேட்டது. சின்னத் துணிக்கு வைப்பது போல, விட்டு விட்டு. போய்ப் பார்த்தேன். மேசையில் கம்பளி விரித்து அதன்மேல் நோட்டுகளை வரிசையாகப் பரப்பியிருந்தாள். ஒரு கிண்ணத்தில் நீர்த்த கஞ்சி.

"கொழகொழன்னு இருந்துச்சுண்ணே. பிரிக்கவே வரல. மேசைவிரிப்புக்குப் போடறதுல பாதி போட்டேன்," என்றாள். "இப்ப பாருங்க."

பதினான்கையும் அடுக்கி எடுத்து விரலால் தள்ளினாள். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சடசடவென்று வந்தது. விரலுக்குத் தெரியாததைக் காது சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். சரியாக இருந்தது. நாத்தனார் மூன்று தடவை வெவ்வேறு தொகை சொல்லிக் கேட்டாள். மூன்றும் சரி. காசு எடுக்கவும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். நுனியை விட்டுவிட்டு விரலின் பக்கவாட்டால் பிடித்தாள். அங்கே இன்னும் கொஞ்சம் உணர்வு இருந்தது.

"வாங்கறவன் பார்த்தா மயங்கிடுவான்," என்றார் பாய்லர். "குடுத்தப்ப கந்தல், வாங்கறப்ப கஞ்சி போட்ட காலர்."

எல்லோரும் ஒவ்வொரு நோட்டாக எடுத்துப் பார்த்தோம். மூலைகூட மடங்கவில்லை. நல்ல வேலை. எங்களுக்கு அது நல்ல வேலையாக மட்டும்தான் தெரிந்தது. சுருங்கினது கண்ணில் பட்டால் எங்கள் கை சும்மா இராது. வெளியே இருக்கிற ஒருத்தருக்கு அது எப்படித் தெரியும் என்று அந்த அறையில் இருந்த நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை காலையில் பை திரும்பி வந்தது. அவள் எண்ணிக் கொடுத்தாள். நான் நூலைக் கட்டி, டிக்கெட்டைக் கோத்து, அதே ஆணியில் மாட்டினேன்.

அடுத்த வாரம் முழுக்க நாத்தனார் கடையில் கேட்டு ராத்திரிக்கு மட்டும் இரவலாகக் கொஞ்சம் பழைய நோட்டும் சில்லறையும் கொண்டுவருவாள், காலையில் திருப்பிக் கொண்டுபோவாள். அதை வைத்துப் பழகினார்கள். பழைய நோட்டிலும் கை மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை முதலாளியம்மா அக்காவைக் கவுன்டரில் நிறுத்தினார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் முடிந்த துணிகளை வண்டியில் மாட்டி முன்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வருகிறவன். அதனால் நானும் கதவருகே நிற்க முடிந்தது.

காலையில் ஒரு ஓட்டல்காரர் வந்தார். ஒரு தாதி வந்தாள். கோட்டில் சிவப்புக் கறையோடு வந்த ஒருவரிடம் அக்கா அதை முகர்ந்து பார்த்து, போகும் ஆனால் கூலி கூட ஆகும் என்று சொன்னாள். எக்ஸ்ட்ரா சார்ஜ். அவர் பேரம் பேசினார். நோ டிஸ்கவுன்ட், சார். முதலாளியம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மீதி கொடுத்தாள், ரசீது கொடுத்தாள். ஒன்றிலும் தவறவில்லை. பதினொரு மணிக்கு முதலாளியம்மா எழுந்து, "சாவிக்கொத்து அந்த டிராயர்ல இருக்கு. சாயங்காலம் எடுத்துக்கோ," என்றார். அறைச் சாவியும் அந்தக் கொத்தில்தான்.

அவர் உள்ளே போகத் திரும்பியபோது கதவு திறந்தது. மழைச்சட்டையோடு ஒரு பெரிய ஆள். கப்பலில் சமையல் வேலை. மடித்து மடித்துப் பஞ்சாகிப்போன டிக்கெட் ஒன்றை வைத்தார். நானூற்றுப் பதினேழு. எட்டு மாதம் கடலில் இருந்ததாகச் சொன்னார்.

முதலாளியம்மா பட்டியலைப் பார்த்தார். "கோட்டு ஒண்ணு, பை ஒண்ணு. கொண்டுவாங்க," என்றார் என்னிடம்.

கொண்டுவந்தேன். பணம் சரியாக இருக்கிறது, அதுதானே என்று நினைத்தேன். அக்கா நூலை அவிழ்த்து நோட்டுகளை எடுத்தாள். புத்தகத்தில் இருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லி வைத்தாள். கடைசியில், ப்ளீஸ் செக் தி அமவுன்ட், சார். அவ்வளவு தெளிவாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

கப்பல்காரர் ஒரு நோட்டை எடுத்தார். அது வளையவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். நீங்களே இங்கே அச்சடிக்கிறீர்களா என்று கேட்டுச் சிரித்தார். ஒரு காசை இனாமாக மேசையிலேயே விட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளியம்மா கதவு சாத்துகிறவரை காத்திருந்தார்.

"நோட்டுக்குக் கஞ்சி போட்டது யாரு?"

"நான்தாம்மா."

"பூட்டின கூண்டுக்குள்ள இருந்த பை."

"ஆமாம்மா. எண்ணிப் பழக எடுத்தேன். பாரோ பண்ணினேன். ரெண்டு நாள். அப்படியே திருப்பி வச்சாச்சு. ஒரு காசு குறையலம்மா."

"குறையலன்னு பார்த்தேன். பையை உனக்கு எடுத்துக் குடுத்தது யாரு?"

அக்கா மேசையைப் பார்த்தாள்.

"நான்தான் எடுத்தேன்."

"பூட்டைத் திறந்தது?"

அக்கா அவிழ்த்த நூலை விரலில் சுற்றினாள்.

"கேக்கறேன்ல. யாரு குடுத்தது?"

"அதைச் சொல்ல மாட்டேம்மா."

முதலாளியம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் வண்டியிலிருந்து ஒரு மேலங்கியை எடுத்துக் கம்பியில் மாட்டினேன். தோள் கோணலாக இருந்தது. நேராக்கினேன். அடுத்ததை எடுத்து மாட்டினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

"போ. தொட்டி காலியா இருக்கு," என்றார் முதலாளியம்மா.

பன்னிரண்டு மணிக்கு அக்கா கஞ்சித் தொட்டியருகே நின்றாள். உருளைப் பெண்கள் எதுவும் கேட்கவில்லை. நான் ஈரத்துணிக் கூடையோடு பக்கத்தில் போனபோது அவள் நிமிராமல், "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே," என்றாள்.

அன்று வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் ரொட்டியைக் கிழித்துக்கொண்டே, "அவளே சொல்லாதேன்னுட்டா. அப்புறம் உனக்கென்ன?" என்றாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளியும் போனது, சனியும் போனது. கவுன்டருக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள்.

முதல் தேதியும் மழை. பெட்டிவண்டி ஒன்று பாதி வாடகைக்கு வந்து நின்றது. ஊருக்கு வெளியே, ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு அறை கிடைத்திருந்தது. முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். ஐந்து மணித் தொட்டிக்கு வரமுடியாது என்று அக்கா கஞ்சி வேலையையும் விட்டுவிட்டாள். பாய்லர் ஒரு வாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டு நான்கு தடவை வந்து போனார். மற்றச் சாமான்கள் அவர் கைக்குத் தகுந்தாற்போல் இல்லை.

நான் கட்டிலின் ஒரு பக்கம் பிடித்தேன். மறுபக்கம் நாத்தனார்.

"பாக்கெட்டண்ணே, ரெண்டு கையாலயும் பிடிங்க," என்றாள். "எங்கண்ணனுக்குத்தான் கை வராது. உங்களுக்கு என்ன?"

அக்கா அடுப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஏய், சும்மா இரு," என்றாள்.

"நான் கட்டிலைச் சொன்னேன் அண்ணி."

வண்டி போனதும் அறையைப் பெருக்க என்னிடம் துடைப்பம் கொடுத்தார்கள். பெருக்கினேன். மத்தியானம் புது ஆள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்.

பத்து நாள் கழித்து முதலாளியம்மா பட்டியலோடு கூண்டுக்கு வந்தார். ஒரு வருஷம் ஆன பைகளைப் பிரித்தெடுக்க வேண்டும். நான் ஆணியிலிருந்து எடுத்துக் கொடுக்க, அவர் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஆறாவது பையைக் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன்.

"அந்தப் பையைக் குடுத்தது நான்தாம்மா."

அவர் பட்டியலிலிருந்து தலை எடுக்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"கூண்டுக்கு ஒரே சாவி. அது உங்க இடுப்புல. அப்புறம் இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப ஏம்மா அவகிட்ட கேட்டீங்க?"

"தெரிஞ்சுக்கறதுக்குக் கேக்கல. கல்லாவுல உக்கார்றவ நான் கேட்டா சொல்லணும். இன்னைக்கு உங்களுக்காகச் சொல்லாதவ நாளைக்கு வேற ஒருத்தருக்காகச் சொல்ல மாட்டா." அடுத்த பைக்குக் கையை நீட்டினார். "நீங்க அங்கேயேதான் நின்னுட்டு இருந்தீங்க. நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் நாலு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன். பணம் சரியா இருந்துச்சு. அவளும் நல்லா பேசினா. நானும் காத்துட்டுத்தான் இருந்தேன்."

"என்னை வேலையை விட்டு..."

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு காசு எடுக்காத ஆளை எதுக்கு அனுப்பணும்? வேற ஆளுக்கு எங்க போவேன்? அடுத்த பையைக் குடுங்க."

கொடுத்தேன்.

"இப்ப அவளைக் கூப்பிட..."

"இப்ப அந்த அறையில வேற பொண்ணு இருக்கா," என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி ஆற்றுப் பாலம் தாண்டிப் போனேன். டயர்க் கடைக்குப் பின்னால் வீடு. ஜன்னல் இல்லை, கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நாத்தனார் கடைக்குப் போயிருந்தாள். பாய்லர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றைக் கால்மேல் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். "வா பாக்கெட்டு. பாய்லர் எப்படி இருக்கு?" என்றார்.

"எது?"

"என்னைத்தான் இங்க பார்க்கறியே. அதைக் கேட்டேன்."

"இருக்கு. புது ஆள் பரவாயில்ல."

அக்கா டீ போட்டாள். அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டுத் துணி வாங்கி இஸ்திரி போடுகிறாள். கதவருகே அடுக்கு இருந்தது. துணி கொடுக்கிறவர்கள் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள். இங்கிலீஷைப் பற்றிக் கேட்டதற்கு அப்படித்தான் சொன்னாள். அந்த இங்கிலீஷ் புத்தகத்தை எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளியம்மா சொன்னதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். டீயைக் கையில் வாங்கியதும், "அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்மா," என்றேன்.

அவள் இஸ்திரிப்பெட்டியைத் திரும்ப எடுத்தாள். தலையணை உறை ஒன்றை விரித்தாள்.

"சொல்லியிருந்தா என்னண்ணே ஆயிருக்கும்? உங்களுக்கும் வேலை போயிருக்கும். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு ரெண்டு வீடு தெருவுக்கு வந்திருக்கும். ஒரு வீடாச்சும் இருக்கட்டும்னுதான் நான் நின்னேன். உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. இதை நினைச்சுட்டுத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமா," என்றேன்.

"அவ அப்படித்தான் சொல்லுவா," என்றார் பாய்லர் குழந்தையைப் பார்த்தபடி. "ஒரு வீட்டையாவது காப்பாத்திட்டேன்னு தினம் சொல்றா. அதைச் சொல்லிட்டா அவளுக்கு அன்னைக்குச் சோறு இறங்குது."

அக்கா உறையை மடித்து அடுக்கில் வைத்தாள். அடுத்ததை விரித்தாள். பெட்டி சூடாகிவிட்டதா என்று அடியில் விரலை வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் வைத்தே இருந்தாள். தோலிலிருந்து லேசாகப் புகை வாடை வந்ததும் எடுத்தாள்.

"டீ ஆறுதுண்ணே," என்றாள்.

குடித்தேன். முதலாளியம்மா சொன்னதை நான் சொல்லவில்லை.